நான்கு அங்குலம் கீழே

பழைய சீலிங்கைப் பிரிக்காமல், அதற்குக் கீழேயே புதிதாக ஒன்று போடும் வேலையில் என்னை அடித்துக்கொள்ள இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையடித்துக்கொண்ட காலமெல்லாம் போய்விட்டது. என் அப்பாவுக்கு மிச்சமிருந்த பேச்சை மூடியது அந்தக் கைவேலைதான் என்பதால் சொல்கிறேன்.

அப்பா படுத்த படுக்கையாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் முகம் கழுவப் போனவர் குழாயடியிலேயே சரிந்தார். உயிரை மீட்டுக் கொடுத்த டாக்டரால் மற்றதை மீட்க முடியவில்லை. கையும் காலும் போயின, பேச்சும் போனது, கண் மட்டும் மிஞ்சியது. “நீங்க சொல்றது எல்லாம் அவருக்குப் புரியும். அவரால திருப்பிச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்” என்றார். அந்த ‘அவ்வளவுதான்’ எங்களுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. மாடி அறைக்குப் போவோம், “என்னப்பா, நல்லா இருக்கீங்களா?” என்போம், பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பதால் உடனே இறங்கி வந்துவிடுவோம்.

அவர் பேசாதது எங்களுக்குப் புதிதும் இல்லை. சரக்குக் கிடங்கில் முப்பத்தைந்து வருடம் மூட்டைகளை எடை போட்டவர். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு ‘ஊமைத் தராசு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டிலும் அதே கதைதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர் போல இருப்பார். அம்மா ஒரு மணி நேரம் ஊர்க்கதை சொன்னால் கடைசியில் ஒரு ‘ம்’ வரும். அந்த ‘ம்’ கூட வராத நாட்களில் அம்மா பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருப்பாள்.

படுத்த பிறகு அம்மா எந்நேரமும் அந்த அறையில்தான் இருந்தாள். அப்பாவின் தலையணை ஓரத்தில் தன் தலையையும் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி கிடப்பாள். திடீரென்று எழுந்து, “முதுகு அரிக்குதாம்” என்று சொறிந்துவிடுவாள். “ஜன்னலைச் சாத்தச் சொல்றார்” என்று சாத்துவாள். ஒரு தடவை என்னிடம் வந்து, “முடியை வெட்டிக்கச் சொல்றார்டா, பார்க்கச் சகிக்கலையாம்” என்றாள். நாங்கள் சிரித்தோம். அவளே கேள்வியும் கேட்டு அவளே பதிலும் சொல்லிக்கொள்கிறாள் என்று என் மனைவியிடம் சொன்னேன். “பாவம், அத்தைக்கும் பேச்சுத் துணை வேணும்ல” என்றாள் அவள்.

அந்த அறை ஒரு அடுப்பு. மேலே தகரம், தகரத்துக்குக் கீழே எங்களுக்கு வீட்டை விற்றவர் காலத்துப் பலகை சீலிங். பலகைக்குப் பலகை இடைவெளி, மழை ஒழுகிய கறைகள், துருப்பிடித்த ஆணித் தலைகள். பன்னிரண்டு மணிக்கு மேல் மின்விசிறி வெறும் அனலைத்தான் கிண்டிக்கொண்டிருக்கும். அப்பாவின் முதுகில் புண் வர ஆரம்பித்தது. வந்து பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தார்.

“இந்த வெயிலை இதே ரூம்ல இவர் தாண்டுவார்னு என்னால சொல்ல முடியாது. கீழ கொண்டு போங்க. இல்லேன்னா ரூமைக் குளிர வைங்க.”

நான் பார்க்கும் தொழிலே அதுதான். எத்தனையோ பேர் வீட்டு மாடியைக் குளிர வைத்தவன், பெற்ற தகப்பனை வேகவைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அன்றைக்கே அம்மாவிடம் பேச்சை எடுத்தேன்.

“அப்பாவைக் கீழ ஹால்ல படுக்க வெச்சுடலாம்மா.”

“வேணாம்.”

“சரி, மேலயே இருக்கட்டும். பலகைக்குக் கீழ சீலிங் போட்டு, நடுவுல கண்ணாடிப் பஞ்சு வெச்சு அடைச்சுடறேன். சூடு உள்ளயே இறங்காது.”

“அந்த ரூம்ல ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது.”

“ஏம்மா?”

“உங்கப்பாவுக்குப் பிடிக்காது.”

“ஓ, அப்பா வந்து உன் காதுல சொன்னாராக்கும்!”

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறவள் போல உதடு பிரிந்தது. பிறகு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். தலைகீழாக நின்றாலும் அவள் மசியவில்லை. முதல் வருடம் அந்தப் பலகைகளுக்கு வெள்ளையடிக்கலாம் என்று சொன்னபோதும் இதே பிடிவாதம்தான் பிடித்தாள். வயதானால் இப்படித்தான், நல்லது சொன்னால் ஏறாது என்று எண்ணிக்கொண்டேன்.

அப்போதுதான் சித்திக்கு முழங்கால் ஆபரேஷன் வந்தது. அம்மாவுக்குக் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான், துணைக்கும் வேறு ஆள் இல்லை. அம்மா போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தாள். “அஞ்சு நாள்தானேம்மா, நாங்க என்ன செத்தா போயிட்டோம்?” என்று நான்தான் விரட்டாத குறையாக அனுப்பி வைத்தேன். கிளம்புவதற்கு முன் அப்பாவின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் இருந்தாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, முகம் மட்டும் என்னவோ புதுப்பெண் முகம் மாதிரி இருந்தது. என் மனைவியிடம் கஞ்சி கொடுக்கும் நேரம், திருப்பிப் படுக்கவைக்கும் நேரம் எல்லாவற்றையும் மூன்று முறை ஒப்பித்துவிட்டுப் போனாள்.

பேருந்து கிளம்பிய அரை மணியில் நான் மச்சானுக்கு ஃபோன் போட்டேன். மச்சான் என் மனைவியின் அண்ணன், என் வேலைகளில் கூட்டாளி. நாக்கு கொஞ்சம் நீளம்.

“உங்கம்மாகிட்டச் சொல்லிட்டியா மாப்ளே?” என்றார் வந்ததும்.

“திரும்பி வரும்போது ரூம் சில்லுனு இருக்கும். அப்ப தெரிஞ்சுக்கட்டும்.”

“அப்ப சீலிங்குக்கு ஒரு பஞ்சு, உன் காதுக்கு ஒரு பஞ்சு, கணக்குல சேர்த்துக்க.”

அப்பாவை நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுவந்தோம். தூக்கும்போது அவர் கண் பெரிதாகத் திறந்து, புதுச் சீலிங்கைத் தாங்கச் சுவரில் சாய்த்து வைத்திருந்த சேனல் கம்பிகளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது. திரும்பத் திரும்ப அதேதான். மனிதர் மிரள்கிறார் என்று தோன்றியது. சமாதானம் செய்ய வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“பயப்படாதீங்கப்பா. அம்மாதான் இதைச் செய்யச் சொல்லிட்டுப் போனாங்க.”

எங்கள் வீட்டில் இது சகஜம். அம்மா சொன்னாள் என்று அப்பாவிடம் சொல்வோம், அப்பா சொன்னார் என்று அம்மாவிடம் சொல்வோம், காரியம் நடந்துவிடும். சின்ன வயதிலிருந்து பழகிய வித்தை. நாக்கு கூசவே இல்லை.

இனி வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய சீலிங்கை அப்படியே விட்டுவிட்டு அதற்குக் கீழே புதிதை மாட்டி மூடிவிட்டுப் போகிற ஆட்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். மூடிய பிறகு யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு தைரியம். எனக்கு அது ஆகாது. உள்ளே கரையான் இருந்தால் இரண்டு வருடத்தில் புதியதையும் சேர்த்துத் தின்றுவிடும். அதனால் மூடுவதற்கு முன் பழைய பலகைகளைச் சுத்தமாகத் துடைத்து, மருந்து கலந்த கறுப்பு எண்ணெயை இரண்டு கை பூசி, இடைவெளிகளை அடைத்து, உளுத்துப்போன பலகையை மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை. அதற்காகவே என்னைத் தேடி வருகிறவர்கள் உண்டு. சொந்த வீட்டில், சொந்த அப்பாவின் தலைக்கு மேலே, குறை வைப்பேனா?

முதல் நாள் முழுக்கத் துடைத்தோம், பூசினோம். உளுத்திருந்த நாலு பலகைகளைக் கழற்றிப் புதிது வைத்தேன். நடு உத்திரத்தில் ஒரு இரும்புக் கொக்கி நீட்டிக்கொண்டிருந்தது. குழந்தையில் எனக்குத் தொட்டில் கட்டிய கொக்கி. சேனலுக்கு இடைஞ்சலாக இருந்ததால் கிரைண்டர் வைத்து அறுத்தேன். மாலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது சீலிங் முழுவதும் ஒரே கறுப்பு. கறை, கீறல், ஆணித் தலை எதுவும் இல்லை. “தார் ரோட்டைத் தலைகீழாப் போட்ட மாதிரி இருக்கு” என்றார் மச்சான். எனக்குத் திருப்தியாக இருந்தது.

எண்ணெய் ஒரு நாள் காய்ந்தது. மூன்றாம் நாள் நாலு சுவரிலும் லேசரில் கோடு பார்த்துச் சேனல் அடித்தோம். பழையதிலிருந்து சரியாக நான்கு அங்குலம் கீழே. உத்திரங்களிலிருந்து தொங்கல் கம்பிகளை இறக்கிச் சட்டம் கட்டினோம். பளபளக்கும் தாள் ஒட்டிய கண்ணாடிப் பஞ்சை இடைவெளியில்லாமல் விரித்தோம். அது உடம்பில் பட்டால் இரண்டு நாளைக்கு அரிப்பு நிற்காது. மச்சான் சொறிந்துகொண்டே வேலை செய்தார், சொறிந்துகொண்டே என் பரம்பரையையும் திட்டினார். நாலாம் நாள் ஜிப்சம் போர்டுகளை ஏற்றி முடுக்கி, இணைப்புகளில் டேப் ஒட்டிப் பட்டி மாவு பூசித் தேய்த்து, வெள்ளை அடித்தேன். எங்கே இணைப்பு இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. என் கையிலிருந்து அப்படி ஒரு வேலை அதற்கு முன் வந்ததில்லை.

இந்த நாட்களில் என் மனைவி இரண்டு முறை வந்து சொன்னாள்.

“என்னங்க, மாமா கண்ணு நிலைகொள்ளாம அலையுது. ஏதோ கேக்கறார் போல இருக்கு.”

“புது இடம்ல. அப்படித்தான் இருக்கும்.”

“அழற மாதிரியும் இருக்கு.”

“தூசி பட்டிருக்கும். துணியால ஒத்தி எடு.”

அதே ஹாலில் உட்கார்ந்து நானும் மச்சானும் சாப்பிட்டோம். கண்ணால் ஆமாம் இல்லை சொல்லத் தெரியுமா என்று ஒரு தடவை அவரிடம் கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வருடமாகவே தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் காலை அப்பாவை மேலே கொண்டுபோய்ப் படுக்கையில் கிடத்தினோம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, உள்ளே மின்விசிறிக் காற்று நிஜமாகவே குளிர்ந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பா மேலே பார்த்தார். அவர் கண் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடியது, நடுவுக்கு வந்தது, மறுபடி ஓடியது. வியந்து பார்க்கிறார் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் நான்கு நாள் முன்பு சொன்ன பொய்க்குக் கை கால் வைத்தேன்.

“அம்மாவோட ஆசைப்பா இது. அந்தப் பழைய பலகையைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சுடா, நான் வர்றதுக்குள்ள மூடி வெச்சுடுன்னாங்க.”

அப்பா என் முகத்தைப் பார்த்தார். கண் ஓரத்திலிருந்து ஒரு துளி காதுப் பக்கம் வழிந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். “பாத்தியா, ஆனந்தக் கண்ணீர்” என்று மச்சானிடம் சொன்னேன். அப்படித்தான் சொன்னேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது.

மத்தியானம் அம்மா வந்தாள். பையைக் கூடக் கீழே வைக்காமல் மாடி ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன், அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்று. கதவைத் திறந்ததும் குளிர்ச்சி பட்டிருக்க வேண்டும், நின்றாள். மேலே பார்த்தாள்.

“எங்கடா?” என்றாள்.

“என்னதும்மா?”

“பலகை எங்கடா?”

“உள்ளதாம்மா இருக்கு. அதுக்குக் கீழதான் புதுசு போட்டிருக்கேன். எப்படி இருக்கு, சில்லுனு இருக்கில்ல?”

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தாள் என்பதைவிட விழுந்தாள் என்பதுதான் சரி. அப்பாவின் தலையணையில் தலை வைத்து மேலே பார்த்தாள். அவர் கண் மூடியே இருந்தது. என்னைப் பார்க்காமலேயே பேச ஆரம்பித்தாள். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அந்தப் பலகையிலதான்டா அவர் பேசிக்கிட்டிருந்தார்.”

எனக்குப் புரியவில்லை.

“படுத்த மூணாவது மாசம், அந்த ஒழுகின கறையையே பாத்துக்கிட்டிருந்தார். பல்லியோன்னு பார்த்தேன், ஒண்ணும் இல்ல. தண்ணி ஒழுகின கறையாச்சே, தாகமா இருக்கான்னு சும்மா கேட்டேன். கண்ணை மூடித் திறந்தார். அன்னிக்கு ஆரம்பிச்சது. பக்கத்துல தலையை வெச்சுக்கிட்டா எங்க பாக்கறார்னு தெரியும். கறைன்னா தண்ணி. விரிசல் விட்ட பலகைன்னா வலி. ஜன்னல் பக்கம் மூணாவது பலகைன்னா திருப்பிப் படுக்க வை. நடுவுல கொக்கி இருக்கே, அது நீ. கதவு பக்கம் ரெண்டு ஆணி சேர்ந்தாப்புல இருக்கும், அது உன் பொண்டாட்டி. இப்படி முப்பது நாப்பது இடம். ரெண்டு மூணு இடமாப் பாத்தா ஒரு பேச்சு ஆயிடும். கொக்கியைப் பாத்துட்டு, பிசிறு பிசிறாச் செதில் உரிஞ்ச பலகையைப் பாப்பார். உன் தலைமுடியாம்.”

அவள் சிரித்தாள். சிரித்ததும் அழுதுவிட்டாள்.

“ஏம்மா எங்ககிட்டச் சொல்லல?”

“சொன்னா என்னடா பண்ணுவீங்க? வர்றவங்க போறவங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து, அப்பா பேசறார் பாருங்கன்னு வேடிக்கை காட்டுவீங்க. அவருக்கு அது பிடிக்காது. அதுவும் இல்லாம...” அவள் சேலைத் தலைப்பைக் கசக்கினாள். “நாப்பது வருஷத்துல அவர் என்கிட்டப் பேசினதே இந்த ரெண்டு வருஷம்தான்டா. இந்த வயசுல இதைப் போய் எப்படிச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான், உங்களுக்குப் பங்கு போடணும்னு தோணல.”

நான் ஓடினேன். ஏணியை இழுத்து வந்து போட்டேன், ட்ரில்லில் திருப்புளி முனையை மாட்டினேன். பத்து நிமிடத்தில் அத்தனை போர்டையும் இறக்கிவிடலாம். சீலிங் போனால் போகட்டும், வெயிலுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். மேலே ஏறிக் கை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. இறக்கினால் என்ன இருக்கும்? கறுப்பு. கறையும் இல்லை, விரிசலும் இல்லை. இடைவெளிகளை நானே அடைத்தேன், கொக்கியை நானே அறுத்தேன். மூடியிருந்தது மட்டும் என்றால் திறந்துவிடலாம், நான் அழித்துவிட்டு மூடியிருந்தேன். நான் ஒரு சோம்பேறி வேலைக்காரனாக இருந்திருந்தால் என் அப்பா அன்று மாலையே மறுபடி பேசியிருப்பார். ஏணியிலிருந்து இறங்கி, எண்ணெய் பூசியதை அம்மாவிடம் சொன்னேன்.

“சரி விடு” என்றாள் அம்மா. “புதுசுல புதுசாப் பழகிக்கலாம். பென்சிலால புள்ளி வெச்சுக் குடு. அவர் இருக்கார், நான் இருக்கேன். ஏங்க, பழகிக்கலாம் இல்ல?”

அப்பா கண்ணைத் திறக்கவில்லை.

“ஏங்க, நான்தான். வந்துட்டேன். தங்கச்சி நல்லா இருக்கா, பிடிச்சுக்கிட்டு நடக்கறா. கண்ணைத் திறங்க.”

இமை அசைந்தது. தூங்கவில்லை அவர். திறக்க மறுத்தார். அம்மா அவர் கன்னத்தைத் தொட்டாள், நெற்றியைத் தொட்டாள். என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தாள். அவ்வளவு கெஞ்சி நான் அவளைப் பார்த்ததில்லை. கடைசியில் மெல்லத் திரும்பினாள்.

“அவர்கிட்ட என்னடா சொன்னே?”

சொன்னேன். சொல்லித்தான் ஆக வேண்டும். அம்மாவின் ஆசை என்றதையும், பலகையைப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது என்றதையும், ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பலகை என்னவென்று உலகத்திலேயே தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி, போதும் அவர் பேச்சு, மூடிவிடு என்று என்னிடம் சொல்லிவிட்டு ஊருக்குப் போனதாக இன்னொருவர் ஐந்து நாளாக நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். அப்பாவின் காதுக்கு அருகில் வாயை வைத்தேன்.

“அப்பா, நான் சொன்னது பொய். அம்மா ஒண்ணும் சொல்லல. அம்மா கூடவே கூடாதுன்னாங்க, ஆணி கூட அடிக்காதேன்னாங்க. அவங்களுக்குத் தெரியாம நான் செஞ்சேன். அம்மாவுக்குத் தெரியாதுப்பா. என் தப்பு. சத்தியமாப் பொய் சொன்னேன்.”

கண் திறந்தது. முதலில் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா அவசரமாகத் தலையணையில் அவர் தலைக்குப் பக்கத்தில் தன் தலையைச் சேர்த்துக்கொண்டாள்.

அப்பா பேச ஆரம்பித்தார்.

கண் மேலே போனது. ஒரு இடத்தில் நின்றது, நகர்ந்தது, இன்னொரு இடத்தில் நின்றது. ஜன்னல் பக்கம் போனது, நடுவுக்கு வந்தது, மூலைக்குப் போய் வெகு நேரம் நின்றது. அவருக்குப் பலகை தேவைப்படவில்லை. இரண்டு வருடம் பார்த்துக் கிடந்தது எல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்தக் கறை எங்கே, எந்த ஆணி எங்கே என்று அந்த வெள்ளைக்கு அப்பால் அவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. அம்மாவுக்கும் அப்படியே தெரியும் என்று நம்பிப் பேசிக்கொண்டே போனார். அம்மாவின் கண் பின்னாலேயே ஓடியது. அவள் விரல்கள் காற்றில் எதையோ எண்ணின, விட்டுவிட்டு மறுபடி எண்ணின.

“என்னம்மா சொல்றார்?”

“தெரியலடா.”

“கொஞ்சம் நல்லாப் பாரும்மா.”

“பலகையை எண்ணினாத்தான்டா எனக்குத் தெரியும். இதுல என்னத்தை எண்ணறது? எங்க பாத்தாலும் ஒரே மாதிரி இருக்கே.”

அவள் தலையை என் பக்கம் நீட்ட, இருவரும் கிசுகிசுப்பாகத்தான் பேசினோம், அவர் காதில் விழுந்துவிடக் கூடாது என்று. அப்பா நிறுத்தவில்லை. கால் மணி நேரம் இருக்கும். வாழ்நாள் முழுக்க அவ்வளவு நீளமாக அவர் யாரிடமும் பேசியிருக்கமாட்டார். நாங்கள் இரண்டு பேரும் என் வெள்ளைச் சீலிங்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டி தேய்த்ததில் ஒரு சின்னப் பிசிறாவது விட்டிருக்கக் கூடாதா என்று தேடினேன். ஒன்று கூட இல்லை.

கடைசியில் அவர் கண் கீழே இறங்கி அம்மாவின் முகத்தில் வந்து நின்றது. பதிலுக்குக் காத்திருந்தார்.

அம்மா ஒரு விநாடி விழித்தாள். பிறகு அவர் தலையைத் தடவிக்கொண்டே, “சரிங்க” என்றாள். “சரிங்க, அப்படியே செய்யறேன்.”

அப்பா ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். அவர் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. அப்படியே தூங்கிவிட்டார்.

நான் அம்மாவை வெளியே இழுத்தேன். “எழுந்ததும் மறுபடி கேளும்மா. ஒவ்வொண்ணா நீயே கேட்டு, ஆமாவா இல்லையான்னு...”

“புரிஞ்சுதுன்னு நம்பி நிம்மதியாத் தூங்கறார். அவரை எழுப்பி, நீங்க சொன்னதுல ஒண்ணு கூட எனக்குப் புரியலேன்னு சொல்லச் சொல்றியா?”

மறுநாள் பென்சிலால் புள்ளிகள் வைத்தேன், வட்டம் போட்டேன், கோடு இழுத்தேன். அம்மா ஒவ்வொன்றாகக் குச்சியால் தொட்டு, இது தண்ணி, இது வலி என்று சொல்லிக் கொடுத்தாள். அப்பா மேலே பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவர் போல அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அறை குளிர்ச்சியாக இருந்தது, முதுகுப் புண் காய ஆரம்பித்தது, டாக்டர் என் வேலையைப் பாராட்டினார். அப்பா பேசியதிலிருந்து பதினோராம் நாள் பொழுது விடிந்தபோது அவர் மூச்சு நின்றிருந்தது.

அம்மா இப்போது மாடி அறையில்தான் படுக்கிறாள். பகலெல்லாம் ஏதாவது செய்துகொண்டே இருக்கிறாள். பதினைந்து வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாதிருந்த அப்பாவின் தங்கை வீட்டுக்குத் தானே தேடிப் போய்விட்டு வந்தாள். அப்பாவின் சட்டைகளைக் கிடங்கில் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்தாள், மறு வாரமே போய் ஒன்றை மட்டும் திருப்பி வாங்கி வந்தாள். நெடுநாளாகத் தள்ளிப்போட்ட கண் பரிசோதனைக்குப் போனாள். ஏன் இதையெல்லாம் செய்கிறாய் என்று கேட்டால், “சரின்னு சொல்லிட்டேனேடா. எதுக்குன்னு தெரியலையே. ஒருவேளை இதுவா இருக்குமோன்னு ஒண்ணொண்ணாச் செஞ்சு பாக்கறேன்” என்கிறாள்.

போன வாரம் என்னால் தாங்க முடியவில்லை. அவள் முன்னால் போய் நின்றேன்.

“அம்மா, ஒரு தடவையாவது என்னைத் திட்டிடு. கையை ஓங்கி அடிச்சுடு. இந்த நாள் வரைக்கும் நீ ஒரு வார்த்தை சொல்லல.”

அவள் என் தலையைக் கோதிவிட்டாள்.

“எப்படிடா திட்டுவேன்? உன்னைத் திட்டாதேன்னுதான் அவர் சொல்லியிருந்தார்னா?”